வாடாமல்லியும் வளவுக் கிணறும்

'அமரந்தோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு 'வாடாதது' என்பது பொருள். முளைக்கீரை, கோழிக்கொண்டை, வாடாமல்லி ஆகியன அடங்கிய தாவரக் குடும்பத்தின் பெயர் இச்சொல்லின் அடியாகப் பிறந்ததே. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மலரொன்றுக்குக் கிரேக்கம் அறியாத நம்மவரும் அதே பொருள்படப் பெயரிட்டமை வியப்புக்குரியது. வாடாமல்லியில் இதழ்களென நாம் கருதுபவை உண்மையில் இதழ்களல்ல. காகிதம் போல் உலர்ந்த பூவடிச் செதில்கள். நீர்ப்பற்றுக் குறைந்த உறுப்பாதலின், செடியினின்று கொய்த பின்னும் அவை உருவும் நிறமும் குன்றுவதில்லை.

எங்கள் வளவில் இதனை வளர்ப்பவர் அம்மம்மா. உலர்ந்த பூக்களைக் கசக்கி, மாரி ஓய்ந்த தை மாதத்திற் கிணற்றடிப் பாத்தியில் தூவுவார். கன்று சாணுயரம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுவார். அதனாற் கிளைகள் பெருகிப் பூவும் பெருகும். பக்கத்துப் பாத்தியில் முளைக்கீரை நிற்கும். ஒரே குடும்பத்தின் ஓர் உறுப்பினர் அடுக்களைக்கும், மற்றவர் சாமியறைக்கும் செல்வர்.

சென்ற கோடையில் இவ்விரு பாத்திகளுக்குமிடையே வழக்கொன்று எழுந்தது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. சுண்ணாம்புக்கற் பாறையினுட் புகுந்து தங்கும் மழைநீரே நம் கிணற்றுநீர். அது உவர்நீரின் மேல் வில்லைபோல் மிதந்து நிற்பது. அளவிறந்து இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலெழும். ஆவணியில் எங்கள் கிணறும் கரிக்கத் தொடங்கிற்று.

"மாமி, கறிக்குதவாத பூவுக்கும் தண்ணி வார்க்க வேணுமோ?" என்றார் அப்பா.

அம்மம்மா உடனே மறுமொழி கூறவில்லை. அன்றிரவு 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே வெறுமையாகத் தென்மராட்சி நோக்கி நடந்த கதையைச் சொன்னார். மறு ஆண்டு திரும்பியபோது வீட்டுக்குக் கூரையில்லை. கீரைப் பாத்தி இருந்த இடமும் தெரியவில்லை. உதிர்ந்த விதையில் தானே முளைத்த வாடாமல்லி மாத்திரம் கிணற்றடியிற் பூத்து நின்றதாம். "எங்கட வளவு எண்டு அதைக் கண்டுதான் தம்பி நம்பினன்" என்றார்.

அப்பாவின் கணக்கும் பொய்யன்று. குடிநீர் கரித்தால் நினைவுகளைக் கொண்டு தாகந் தீர்க்க முடியாது. ஆயினும் பயனென்பது உண்ணும் பொருளோடு முடிந்துவிடுவதன்று. மறுநாள் முதற் கிணற்றுநீர் கீரைக்கும், அரிசி கழுவிய நீர் வாடாமல்லிக்கும் என முடிவாயிற்று. வறட்சியைத் தாங்கும் அச்செடிக்கு அதுவே போதுமாயிருந்தது. அவ்வேனத்தை நாள்தோறும் கொண்டுசென்று ஊற்றுபவர் அப்பாதான்.