அப்பாவும் ரெண்டு கண்டன்சரும்

நேத்து ராத்திரி சாப்பிட்டு அக்கடான்னு உக்காந்தா, ப்ளஸ் டூ படிக்கிற மக புத்தகத்தைத் தூக்கிட்டு வந்துட்டா. "அப்பா, மின்தடையைத் தொடரா இணைச்சா மதிப்பைக் கூட்டணும். மின்தேக்கியைப் பக்கமா இணைச்சாதான் கூட்டணுமாம். ஏன் இது மட்டும் தலைகீழா இருக்கு?"

நானும் அதை மனப்பாடம்தான் பண்ணேன். மார்க்கும் வாங்கிட்டேன். புரிஞ்சது என்னவோ அப்புறம்தான். அதுக்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும், பொறுத்துக்கங்க :-)

2004 மே மாசம். கோயமுத்தூர்ல அக்னி நட்சத்திரம். அப்பா ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்து மூணு நாள்தான் ஆகியிருந்துச்சு. மோட்டார் வைண்டிங் கடை வெச்சிருந்தவர். படிப்பு எட்டாவதோட நின்னுபோச்சு. ஆனா வீட்டுக்கு யார் வந்தாலும் "பையன் எலக்ட்ரிகல் இன்ஜினியருங்க"ன்னு ஒரு தடவையாச்சும் சொல்லாம விடமாட்டார். (நான் பொட்டி தட்டிட்டு இருந்தது தனிக்கதை.)

ராத்திரி பதினோரு மணிக்கு ஃபேன் நின்னுபோச்சு. உறுமுது, ஆனா சுத்தல. கண்டன்சர் போச்சுன்னு எனக்கே தெரிஞ்சுது. (பள்ளிக்கூடத்துல மின்தேக்கி, காலேஜ்ல கெப்பாசிட்டர், கடையில கண்டன்சர். எல்லாம் ஒண்ணுதான்.) எங்க ஃபேனுக்கு 2.5 மைக்ரோஃபேரட் வேணும். அந்நேரத்துக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? அப்பாவோட டால்டா டப்பாவைக் கவுத்துப் பார்த்தேன். 1 ஒண்ணு, 1.5 ஒண்ணு கிடைச்சுது. ரெண்டும் 440 வோல்ட். கூட்டினா கரெக்டா 2.5!

மெயினை ஆஃப் பண்ணேன். அம்மா டார்ச் புடிச்சாங்க. ஸ்டூல் மேல ஏறி, ஒண்ணோட வயரை அடுத்ததோட வயர்ல முறுக்கி, ரயில் பெட்டி மாதிரி வரிசையா மாட்டிட்டு எறங்கி சுவிட்சைப் போட்டா... அதே உறுமல்.

கட்டில்ல படுத்தபடியே அப்பா கேட்டார், "வரிசையா கட்டிட்டியா கண்ணு?"

"ஆமாங்ப்பா."

"பக்கம் பக்கமா போடு. ரெண்டோட ஒரு வயரை ஒண்ணா முறுக்கு, மத்த வயரை ஒண்ணா முறுக்கு."

"ஏங்ப்பா?"ன்னு கேட்டேன் பாருங்க. ஃபார்முலா எழுதி மார்க் வாங்கினவன் கேக்கற கேள்வியா அது?

"உள்ளார என்ன இருக்குது? ரெண்டு தகடு, நடுவுல காகிதம். பக்கம் பக்கமா போட்டா தகடு அகலமாகுது. வரிசையா போட்டா காகிதம் தடிமனாகுது. அவ்வளவுதான்."

அவ்வளவேதான். தகடு அகலமானா சார்ஜ் நிறைய நிக்கும், இடைவெளி கூடினா குறையும். பழைய கண்டன்சரை எல்லாம் அறுத்துப் பார்த்த மனுஷனுக்கு ஃபார்முலா எதுக்கு? மறுபடி ஏறி மாத்திக் கட்டினேன். ஃபேன் சுத்துச்சு. வரிசையா கட்டினப்ப எனக்குக் கிடைச்சது 0.6 மைக்ரோஃபேரட்தான். வேண்டியதுல கால்வாசி கூட இல்ல.

மகளுக்கு இதைச் சொல்லி, கூடவே ஒரு படமும் போட்டேன். தொடரா இணைச்சா நடுவுல சேர்ற ரெண்டு தகடும் தீவு மாதிரி. வெளியிலேர்ந்து அங்க சார்ஜ் போக வழியில்ல. ஒரு தகட்டுல கூடினா அடுத்ததுல அதே அளவு குறையணும். அதனால ரெண்டு கண்டன்சர்லயும் ஒரே சார்ஜ்தான், வோல்ட் மட்டும் பங்கு பிரியும். 100 வோல்ட் குடுத்தா 1 மைக்ரோஃபேரட் மேல 60, 1.5 மேல 40. சின்னவனுக்குத்தான் பெரிய சுமை! சார்ஜ் 60 மைக்ரோகூலும், அதை 100 வோல்ட்டால வகுத்தா அதே 0.6. பக்க இணைப்புல ரெண்டு மேலயும் முழு வோல்ட் விழும், சார்ஜ் தனித்தனியா சேரும். அதான் கூட்டல்.

வீட்டு ரெகுலேட்டரையும் கழட்டிக் காட்டினேன். உள்ள 2.2ம் 3.3ம் இருந்துது. நம்பர் 1 வெச்சா சின்னது வழியா கரண்ட் போகுது, 2 வெச்சா பெரியது வழியா, 3 வெச்சா ரெண்டும் பக்கமா சேர்ந்து 5.5. கண்டன்சர் பெருசாக ஆக ஃபேனுக்குக் கிடைக்கிற கரண்டும் கூடுது, வேகமும் கூடுது.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அன்னிக்கு மறுநாள் காலையில அப்பாவைப் பார்க்க மாமா வந்திருந்தார். "ராத்திரி ஃபேன் நின்னுபோச்சு மாப்ள. பையன்தான் சரி பண்ணான். இன்ஜினியர் இல்லியா!"ன்னார் அப்பா. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல. நானும் வாயே திறக்கல. அவர் போற வரைக்கும் அதைப் பத்தி நாங்க பேசினதே இல்ல.

நேத்துதான் முதல் தடவையா மககிட்ட சொன்னேன். அவ ஒண்ணும் சொல்லாம, புத்தகத்துல ஃபார்முலாவுக்குப் பக்கத்துல பென்சில்ல எழுதிக்கிட்டா: "தகடு அகலம், காகிதம் தடிமன் - தாத்தா".

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு நீங்களும் ஸ்டூல் மேல ஏறிடாதீங்க. மெயினை ஆஃப் பண்ணினாலும் கண்டன்சர்ல சார்ஜ் தங்கியிருக்கலாம். பம்ப் மோட்டார்ல இருக்கற பெருசெல்லாம் தூக்கி அடிச்சுடும்.