தக்காளியின் ஏட்டில் ஓரிடம் தேடியது

2021-ஆம் ஆண்டில் ஜப்பான் தேசத்தில், காபா என்னும் பொருள் மிகும்படி மரபணுவில் திருத்தப்பெற்ற தக்காளி விற்பனைக்கு வந்தது. அச்செய்தியை வகுப்பிற் கேட்ட நாள்முதல் அவ்வித்தையை அறியும் ஆவல் எம்மை விட்டபாடில்லை. ஆசிரியர் அதனை உணர்ந்து, கனி பழுத்தலைச் சார்ந்த மரபணுவொன்றைக் கொடுத்து, அதனுள் வெட்டத்தக்க இடங்களைத் தேடிவரப் பணித்தனர்.

வித்தை இதுவே. காஸ் 9 என்னும் புரதம் கத்தரிக்கோலை ஒப்பது. அதனை உரிய இடத்திற்கு அழைத்துச் செல்வது ஆர்.என்.ஏ. இழையொன்று. அதன்கண் உள்ள 20 எழுத்துக்கள் டி.என்.ஏ.யில் எங்கே பொருந்துமோ அங்கே வெட்டு விழும். ஆயின், அவ்விருபதை அடுத்து ஏதேனும் ஓரெழுத்தும், அதன்பின் இரண்டு 'ஜி' எழுத்துக்களும் இருத்தல் வேண்டும். இன்றேல் கத்தரி வாய் திறவாது. டி.என்.ஏ. இரட்டை இழையாதலின் எதிரிழையிலும் தேடுதல் முறை. இதனை மறந்து, முதல் நாள் பாதி இடங்களையே கொண்டுசென்று நகைப்பிற்கு இடமானோம்.

இடங்களுக்குக் குறைவில்லை. தக்காளியின் 12 குரோமோசோம்களிலும் ஏறத்தாழ 90 கோடி எழுத்துக்கள் உள. அவற்றுள் இத்தகைய இடங்கள் கோடிக்கணக்கின. வேறெங்கும் ஒப்பில்லாத இடத்தைக் காண்டலே அரிது. வேதாகமத்தின் ஒத்தவாக்கிய அகராதியில் ஒரு சொல்லைத் தேடுவார் அச்சொல்லையே காண்பர். கத்தரியோ எழுத்துப் பிழையையும் ஓரளவு பொறுத்து வெட்டிவிடும். யாம் பெருமிதத்துடன் முதலாவதாகக் குறித்த இடத்திற்கு, மற்றொரு குரோமோசோமில் இரண்டெழுத்தே வேறுபட்ட துணையொன்று இருந்தது. இரட்டை 'ஜி'க்கு அண்மையிற் பிழையிருப்பின் பெரும்பாலும் வெட்டு நிகழாது. அவ்விரண்டெழுத்தோ தூரத்து முனையில் நின்றன. அங்குள்ள பிழையைக் கத்தரி அத்துணை பொருட்படுத்துவதில்லை. வேண்டாத மரபணுவும் உடன் அறுபடுமாதலின், மனமின்றி அவ்விடத்தை அடித்தோம். இவ்வாறே ஒவ்வொன்றாய்க் கழிய, இரண்டு வாரத்தில் நான்கே எஞ்சின.

அந்நான்கையும் ஆசிரியர் நெடுநேரம் பார்த்தனர். பின்பு, "நீர் தேடியது எத்தக்காளியின் ஏட்டில்?" என்றனர்.

யாம் விடையின்றி நின்றோம். 2012-இல் வெளியாகி, யாம் பயன்படுத்திய அவ்வேடு ஹைன்ஸ் 1706 என்னும் வகையினது. ஆய்வுக்கென யாம் தொட்டியில் வளர்த்து வருவதோ பெரியகுளம் 1. இரண்டு 'ஜி'க்களுள் ஒன்று இச்செடியில் வேறெழுத்தாயிருப்பினும் அவ்விடம் பயன்படாது. அன்றிரவு உறக்கமே இல்லை என்றால் மிகையாகும். உணவு மட்டும் சுவைக்கவில்லை. மறுநாட்காலையில் அச்செடியின் இளந்தளிரொன்றைக் கிள்ளி, அந்நான்கு இடங்களின் எழுத்துக்களை வாசித்து அறியும்பொருட்டு அனுப்பியிருக்கின்றோம்.