தார் சுற்றியவள் கணக்கு

செப்டம்பர் 19, 2024, வியாழன்

மாவு டப்பாவைத் திறக்கும்போது மகள் பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். "அம்மா, உன் டப்பர்வேர் கம்பெனி திவால் மனு போட்டுட்டாங்களாம்." அமெரிக்காவில் 17ஆம் தேதி நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள். கடனைச் சீர்செய்து மீளப் பார்க்கிறார்கள், இழுத்து மூடிவிடவில்லை என்றும் சொன்னாள். கையிலிருந்த டப்பாவைப் பார்த்தேன். 2003ல் சேலம் பட்டைக்கோயில் பக்கம் ஒரு வீட்டுக் கூடத்தில் வாங்கியது. மூடி இன்னும் தளரவில்லை.

அந்தக் கூடம் அப்படியே கண்ணில் நிற்கிறது. பாய் விரித்து நாங்கள் பன்னிரண்டு பெண்கள். வந்திருந்த அம்மாள் டப்பாவில் ரசத்தை ஊற்றி மூடினார். ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி, நடுவில் அழுத்தி, காற்றை வெளியே விட்டார். உஸ்ஸென்று ஒரு சத்தம். பிறகு டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தார். என் பக்கத்திலிருந்த பெரியம்மா சேலையை இழுத்துக்கொண்டு நகர்ந்தார். பாயில் ஒரு சொட்டு விழவில்லை. நான் வாங்கியது ஒரு டப்பாதான். ஆனால் விற்பது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்று நாங்கள் பட்டுச் சேலை விற்கப் போனது சூரமங்கலத்தில் ஒரு வீட்டுக் கூடம். புரட்டாசியில் கல்யாணச் சேலை எடுக்க மாட்டார்கள். இப்போது வருவதெல்லாம் தீபாவளிக்குத்தான். ஏழு சேலை போனது.

எங்கள் முறை எளிது. ஒரு வீட்டுக்காரம்மா தன் கூடத்தைத் தருவார். தெரிந்தவர்கள் பத்துப் பேரைக் கூப்பிடுவார். அவர் எடுக்கும் சேலைக்குப் பத்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள்வோம். சரக்கு எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் உள்ள ஆறு தறிகளிலிருந்து வருகிறது. எங்கள் அம்மாபேட்டை என்றால் பட்டு வேட்டி. சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. பட்டுச் சேலை நெய்கிறவர்களும் இங்கே உண்டு. என் கணவரும் நெசவாளிதான், மூட்டு வலி வந்து 2016ல் தறியை விட்டு எழுந்தார். முப்பது வருடம் குழித்தறியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்தவர், அதன்பின் டிவிஎஸ் வண்டியில் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு என்னோடு கிளம்பினார்.

இன்றும் அவர் தன் பங்கைச் செய்தார். முந்தானை நுனியிலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினார். முடி பொசுங்குகிற வாசம். மிஞ்சிய கரி விரலில் தேய்த்ததும் பொடியானது. அடுத்து பாலியஸ்டர் இழை: உருகிச் சுருண்டு, கல் மாதிரி ஒரு குண்டுமணி. இரண்டையும் கை மாற்றிக் கை மாற்றி எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். "எந்தத் தறியில நெஞ்சதுன்னு கேட்டீங்கன்னா வீட்டுக்கே கூட்டிக்கிட்டுப் போறேனுங்க" என்றார். ரசம் சொட்டாத டப்பாவுக்கு எங்களிடமிருக்கும் பதில் இதுதான்.

செப்டம்பர் 29, ஞாயிறு

மனசு கனக்கிறது. எழுதித்தான் தீர வேண்டும்.

ஆண்பிள்ளை உட்கார்ந்திருக்கும் கூடத்தில் பெண்கள் சேலையைத் தோளில் போட்டுப் பார்க்க மாட்டார்கள். விலை கேட்கவும் கூச்சம். அது அவருக்கும் தெரியும். தீ வைத்துக் காட்டியதும் திண்ணைக்குப் போய்விடுவார். இன்று போகவில்லை. ஒரு அக்கா மயில்கழுத்து நிறத்தை எடுத்து முகத்தோடு வைத்துப் பார்க்கும்போது, "போன தடவை எடுத்ததுல ரெண்டு தவணை நிக்குதுங்க" என்றார். அத்தனை பேர் முன்னால். அந்த அக்கா சேலையை மெல்ல மடித்து வைத்தார். தண்ணீர் குடித்தார். எழுந்து போய்விட்டார்.

வரும் வழியெல்லாம் சண்டை. நிலுவையை வாசலில், தனியாக, குரலை இறக்கித்தான் கேட்க வேண்டும் என்று நான் கத்தினேன். அவர் வண்டியை ஓரங்கட்டி, பையிலிருந்து நோட்டை எடுத்தார். நான் முகத்தைப் பார்த்துக் கொடுத்த கடன், வராமல் நிற்பது 14,200 ரூபாய். தறிக்காரர் ஆறு பேருக்கும் சனிக்கிழமையானால் பணம் போயாக வேண்டும். "அவங்க மொகத்தை யாரு பாக்கறது?" என்றார்.

அதுவும் நியாயம்தான். எனக்கு வாங்குகிறவர் முகம், அவருக்கு நெய்கிறவர் முகம். இந்த இரண்டில் ஒன்று போனாலும் எங்கள் தொழில் நிலைக்காது. கடன் வசூலை வாசலோடு வைத்துக்கொள்வது, 3,000 ரூபாய்க்கு மேல் கடன் என்றால் அவரைக் கேட்காமல் நான் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டோம்.

அக்டோபர் 3, வியாழன்

டப்பர்வேர் பற்றி மகள் அனுப்பியதையெல்லாம் படித்து முடித்தேன். டப்பாவைச் செய்தவர் எர்ல் டப்பர். அதை வீட்டுக் கூடங்களுக்குக் கொண்டுபோய் விற்கும் முறையை அங்கே பெரிதாக வளர்த்தவர் பிரௌனி வைஸ். டெட்ராய்ட் பக்கம், மணமுறிவுக்குப் பின் மகனைத் தனியாக வளர்த்தவர். கடையில் சீந்துவாரில்லாமல் கிடந்த சரக்கு இவர் கையில் பறந்ததைப் பார்த்து, 1951ல் டப்பர் இவரைத் துணைத் தலைவராக்கி, கடை விற்பனையையே நிறுத்திவிட்டார். 1954ல் பிசினஸ் வீக் பத்திரிகையின் அட்டையில் படம். அதன் அட்டையில் வந்த முதல் பெண் அவர்தான். 1958 ஜனவரியில் வெளியேற்றினார்கள். கம்பெனியில் ஒரு பங்குகூட அவர் பேரில் இல்லை. வழக்குப் போட்டு, கடைசியில் கிடைத்தது ஒரு வருடச் சம்பளம், ஏறக்குறைய 30,000 டாலர். அதே வருடம் டப்பர் கம்பெனியை 1.6 கோடி டாலருக்கு விற்றார்.

இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்றும் படித்தேன். கூடத்தில் நன்றாக விற்ற பெண் மேலே போய் விநியோகஸ்தர் ஆகும்போது, பெரும்பாலும் கணவனும் வேலையை விட்டுவிட்டுச் சேர்ந்துகொள்வாராம். கிடங்கும் கணக்கும் அவர் கையில், கூட்டமும் பயிற்சியும் அவள் கையில். எங்கள் வீட்டுக் கதைதான்.

அக்டோபர் 6, ஞாயிறு

கொண்டலாம்பட்டிக் கூடத்தில் ஒரு சின்னப் பெண், கல்யாணமாகி ஒரு வருடம், என்னைத் தனியாக அழைத்துப் போனாள். ஏதோ ஒரு கம்பெனியில் தம்பதியாகச் சேரச் சொல்கிறார்களாம். "கீழ ஆறு ஜோடி சேத்துவிட்டா மாசம் வந்துக்கிட்டே இருக்கும்னு சொல்றாங்கக்கா."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2011ல் நாங்களும் அப்படி ஒரு சத்துமாவு, சோப்புக் கம்பெனியில் சேர்ந்தோம். மண்டபத்தில் கோட்டுப் போட்ட கணவர், பட்டுடுத்திய மனைவி, ஜோடி ஜோடியாக மேடை ஏற்றி மாலை போட்டார்கள். புருஷன் பொஞ்சாதி ஒற்றுமையாக உழைத்தால் கார் வரும் என்றார்கள். நாங்கள் உழைத்தோம். சரக்கை முன்பணம் கட்டி எடுத்தோம். என் அண்ணன் வீட்டை, அவர் தங்கை வீட்டைச் சேர்த்துவிட்டோம். கட்டில் அடியில் 38,000 ரூபாய்ச் சரக்கு தேதி முடிந்து கிடந்தது. நாத்தனார் இரண்டு வருடம் எங்கள் வாசப்படி மிதிக்கவில்லை. பணம் போனதைக்கூட மறந்துவிட்டேன்; அந்த இரண்டு தீபாவளியை மறக்க முடியவில்லை.

அவளுக்குத் தெளிவாகச் சொன்னேன். ஆளைச் சேர்த்தால் காசு என்றால் அது வியாபாரமில்லை, கண்ணு. பணச் சுழற்சித் திட்டங்களைத் தடைசெய்யும் சட்டம் 1978லேயே வந்துவிட்டது. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளும் பிரமிடுத் திட்டத்தைத் தடுக்கின்றன. அடையாள அட்டை இல்லாமல், முன்கூட்டிச் சம்மதம் கேட்காமல் வாங்குபவர் வீட்டுக்குப் போகவே கூடாது என்றும் அதில் இருக்கிறது. ஒன்று மட்டும் பார்: கடைசியில் அந்தச் சரக்கை உபயோகிக்கப்போவது யார்? சேர்கிறவர்களே வாங்கிச் சேர்கிறவர்களிடமே விற்பதென்றால் எழுந்து வந்துவிடு.

அவள் தலையாட்டினாள். கணவன் கேட்பானா என்பதுதான் அவள் கவலை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. தறிக்குழியை மூடவில்லை, மூட அவருக்கு மனமில்லை. அச்சுக்கும் நாடாவுக்கும் பொட்டு வைத்தார். நான் ராட்டைக்கு வைத்தேன்.

மாமியார் அந்த ராட்டையில்தான் ஐம்பது வருடம் நாடாவுக்கான நூலைத் தார் சுற்றினார். விடியற்காலை நாலு மணிக்குக் கரகரவென்று அந்தச் சத்தம் கேட்டுத்தான் தெரு எழும். தார் இல்லாவிட்டால் ஊடை இல்லை, ஊடை இல்லாவிட்டால் தறி நின்றுவிடும். பாவு பிணைக்கவும் அவர்தான். ஆனால் கூலி மாமனார் பேரில், சங்கத்துப் பாஸ்புத்தகம் மாமனார் பேரில். 2019-20ல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பில், நாட்டிலுள்ள 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களில் 8.48 லட்சம் பேரைத் துணைத் தொழிலாளர் என்று எழுதியிருக்கிறார்கள். நூல் இழைப்பவர், தார் சுற்றுபவர் எல்லாம் அதில்தான். கணக்கெடுப்பிலாவது ஒரு பேர் வந்தது. மாமியார் அதற்குள் போய்விட்டார். கடைசி வருடம் மருந்து வாங்க இருபது ரூபாய்க்கும் மகனிடம்தான் கை நீட்டினார். "நான் என்ன சம்பாரிச்சேன், கேக்கறதுக்கு" என்பார். தினம் பத்து மணி நேரம் ராட்டையில் இருந்தவர் வாயில் அந்தச் சொல் வந்ததை நான் என்னவென்று எழுத?

பூஜையில் எங்கள் கணக்கு நோட்டையும் வைத்தோம். அட்டையில் அவர் பேர். எட்டு வருடமாக எனக்கு அது கண்ணில் பட்டதில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

பெரிய நாள். அஸ்தம்பட்டியில் ஒரே கூடத்தில் பத்தொன்பது சேலை. கோ-ஆப்டெக்ஸ் 30 சதவீதத் தள்ளுபடி ஓடும்போதே இது நடந்திருக்கிறது. ஒவ்வொருவரும் என் கழுத்தில் தொங்கும் க்யூஆர் அட்டையில் போனைக் காட்டிப் பணம் போட, ஒவ்வொரு தடவையும் திண்ணையில் அவர் சட்டைப்பையில் மணி அடித்தது.

இரவு சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டேன். "ஏங்க, நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா, ஆறு தறிக்காரருக்கு நான் எதுல இருந்து பணம் குடுப்பேன்?"

"எதுக்கு இப்ப அந்தப் பேச்சு?"

"உங்கம்மா மருந்துக்குக் கை நீட்டுனாங்கல்ல."

அவர் சோற்றைப் பிசைந்தபடி வெகுநேரம் பேசவில்லை. கோபமென்று நினைத்தேன். கை கழுவிவிட்டு வந்து, "வெள்ளிக்கெழம பேங்குக்குப் போலாம். ஆதார எடுத்து வையி" என்றார்.

அக்டோபர் 25, வெள்ளி

நடப்புக் கணக்கு, தொழில் பேரில், உரிமையாளர் என்ற இடத்தில் நான். தறிக்காரர்களுக்குப் பணம் அனுப்ப அவருக்கும் அதிகாரம் எழுதிக் கொடுத்தேன். லாபத்தில் பாதி அவர் கணக்குக்கு, பாதி என் கணக்குக்கு, மாதம் 5ஆம் தேதி. நோட்டின் முதல் பக்கத்தில் அவரே எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளிக்கு நாலு நாள். என் கணக்குக்கான புது க்யூஆர் அட்டை இன்னும் வரவில்லை. படத்தைக் கடையில் அச்சடித்து ஒட்டிக்கொண்டு பொன்னம்மாபேட்டைக்குப் போனோம். மயில்கழுத்துச் சேலையை மடித்து வைத்துப் போன அக்கா வந்திருந்தார். நான்தான் போன வாரம் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டிருந்தேன். அவர் வாசலிலேயே பழைய இரண்டு தவணையை அனுப்பினார். என் போனில் மணி அடித்தது.

திண்ணையிலிருந்தவர் பழக்கத்தில் தன் பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நோட்டை விரித்து, "எவ்வளவும்மா, சொல்லு" என்று பேனாவைத் திறந்தார்.