ஏப்ரல் மாசத்துத் திராட்சை

போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். புனேயில் வாகட் பக்கம் சிக்னலில் நின்று கொண்டிருந்தேன். பின்னாடி வந்த ஆட்டோ சாவகாசமாக வந்து 'டொம்' என்று காரில் இடித்தது. இறங்கிப் பார்த்தால் பம்பரில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். ஆட்டோக்காரர் சண்டைக்குத் தயாராகக் கீழே இறங்கினார். நான் "பரவாயில்லை, பார்த்து ஓட்டுங்க" என்று எனக்குத் தெரிந்த மராட்டியில் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்து விட்டேன். அவருக்கே ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும்.

பக்கத்தில் இருந்த மகள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "அப்பா, உடம்புக்கு ஏதும் முடியலையா?"

நம்ம மரியாதை அவ்வளவுதான்! சிரித்து விட்டேன். ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் நாசரேத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தாத்தா கோபக்காரர், அப்பா அவருக்கு மேல். "எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு மூக்கு மேல கோவம்" என்று ஆச்சி ஏதோ குடும்பப் பதக்கத்தைக் காட்டுவது மாதிரி சொல்லுவாள். 'கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும்' என்று ஒரு பழமொழி வேறு. அதை எவ்வளவு வசதியாகப் பயன்படுத்தியிருக்கிறேன்! கத்துவது நான், சான்றிதழ் கொடுத்துக் கொள்வதும் நானே.

இத்தனைக்கும் பரம்பரைக் கிறிஸ்தவன். ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கியவன். பதினைந்து வயதில் திடப்படுத்தல் ஆராதனையில் பிஷப் தலையில் கை வைத்தபோது உண்மையாகவே அழுதேன். கன்வென்ஷன் கூட்டங்களில் 'தீர்மானம் எடுக்கிறவர்கள் கை உயர்த்துங்கள்' என்றால் முதல் கை என்னுடையது. ஒவ்வொரு டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையிலும் "ஆண்டவரே, இந்த வருஷம் கோபப்பட மாட்டேன்" என்பேன். பொங்கல் வரைக்கும் தாங்கினால் அது நல்ல வருஷம்.

வேலைக்காகப் புனே வந்து கல்யாணம், பிள்ளைகள், ஃப்ளாட், ஈஎம்ஐ எல்லாம் ஆன பிறகு கோபமும் வளர்ந்தது. ஆபீஸில் அடக்கி வைப்பதை எல்லாம் வீட்டில் கொண்டு வந்து கொட்டுவேன். அடி உதை அதிகம் கிடையாது. நாக்குதான். சமயத்தில் அதுவே போதும்.

2009, மழைக்காலம். அன்றைக்கு பைக் சர்வீஸுக்குப் போயிருந்தது. சக ஊழியர் ஒருவர் முனையில் இறக்கி விட, நடந்து வந்தேன். மூன்றாவது மாடி. கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே எட்டு வயது மகன் நான்கு வயதுத் தங்கைக்குப் பாடம் எடுத்துக் கொண்டிருந்தான்.

"அப்பா கீழ பைக் ஸ்டாண்ட் போடுவாங்கல்ல, 'டக்'னு கேட்டா ஒண்ணுமில்ல. 'டங்'னு சத்தமா கேட்டா உடனே டிவிய அணைச்சிரணும். பொம்மைய எல்லாம் எடுத்து வச்சிட்டு ரூமுக்குப் போயிரணும். அம்மாகிட்ட எதுவும் கேக்கக் கூடாது. சரியா?"

அவள் "சரிண்ணா" என்றாள்.

ஷூவைக் கூடக் கழற்றாமல் படிக்கட்டில் உட்கார்ந்து விட்டேன். நிலநடுக்கம் வந்தால் மேஜைக்கு அடியில் போக வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி என் பிள்ளைகள் எனக்கு ஒத்திகை பார்த்துக் கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபம் நடக்கும். வேதம் வாசிப்பது நான்.

அன்றைக்கு எடுத்த தீர்மானம்தான் என் வாழ்க்கையிலேயே உறுதியான தீர்மானம். எத்தனை நாள் தாங்கியது என்று கேட்கிறீர்களா? பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் வாய்ப்பாடு தப்பாகச் சொன்னான் என்று கத்தினேன். அவன் அழவில்லை. எதிர்பார்த்ததுதான் என்பது போலப் பார்த்தான்.

'நான் உண்மையிலேயே இரட்சிக்கப்பட்டவனா?' என்ற சந்தேகம் அப்போதுதான் வந்தது. இத்தனை ஜெபம், இத்தனை கண்ணீர், ஒன்றும் மாறவில்லையே. பொய்யாகத்தான் வாழ்ந்து கொண்டிருக்கிறேனோ?

2010 ஏப்ரலில் கூட வேலை செய்யும் நண்பர் தன் ஊருக்குக் கூட்டிப் போனார். புனேயிலிருந்து நாசிக் போகிற சாலையில் நாராயண்காவ் பக்கம். அவருடைய சித்தப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். (மராட்டியில் சித்தப்பாவை 'காகா' என்பார்கள். என் பிள்ளைகள் ஆரம்பத்தில் 'எந்தக் காக்கா?' என்று வானத்தைப் பார்ப்பார்கள்.) பச்சைப் பந்தலையும் குலை குலையாகப் பழத்தையும் எதிர்பார்த்துப் போனவனுக்கு அதிர்ச்சி. தோட்டம் முழுக்க மொட்டைக் கட்டைகள். கொடியை எல்லாம் ஒன்றிரண்டு கணு மட்டும் விட்டு ஒட்ட வெட்டியிருந்தார்கள். வெட்டிய முனைகளில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்து கொண்டிருந்தது.

"நோய் ஏதும் வந்துடுச்சா?" என்று கேட்டேன். காகா சிரித்தார்.

அவர் விளக்கியது இதுதான். மகாராஷ்டிராவில் திராட்சைக்கு வருஷத்துக்கு இரண்டு கவாத்து, ஒரே ஒரு அறுவடை. ஏப்ரலில் முதல் கவாத்து. அது பழத்துக்கு இல்லை. அதில் துளிர்த்து வருவது வெறும் கொடி. ஆனால் அந்தக் கொடியின் கணுக்களுக்குள், வெட்டி ஒன்றரை இரண்டு மாதத்துக்குள், அடுத்த பருவத்துக்கான குலை கண்ணுக்குத் தெரியாமல் உருவாகி விடும். அந்தச் சமயத்தில் கொடிக்கு நல்ல வெயில் படாவிட்டால் பழம் குறைந்து போகும். மழைக்காலம் முழுக்கக் கொடி முற்றும். அக்டோபரில் இரண்டாவது கவாத்து. அப்புறம்தான் பூ, பிஞ்சு. பிப்ரவரி, மார்ச்சில் பழம்.

"நீங்க பிப்ரவரியில சாப்பிடுற பழம், போன வருஷம் மே மாசமே உள்ள முடிவாகிப் போன விஷயம்" என்றார். "ஏப்ரல்ல வந்து பழம் எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

யோவான் 15-ம் அதிகாரத்தை ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தவன் நான். திராட்சைச் செடி, கொடிகள், கனி கொடுக்கிற கொடியைச் சுத்தம் பண்ணுகிற தோட்டக்காரர். எல்லாம் தெரியும். ஆனால் பனங்காட்டில் வளர்ந்தவனுக்குத் திராட்சைத் தோட்டம் படத்தில் பார்த்ததுதான். கொடியின் பக்கத்தில் நின்றபோதுதான் உறைத்தது. நான் வருஷா வருஷம் டிசம்பர் 31-ல் தீர்மானத்தை நட்டு, ஜனவரியில் பழம் பறிக்கப் போய்க் கொண்டிருந்தேன். முருங்கைப் போத்தைக் கூட வெட்டி நட்டால் சில மாதம் பொறுக்க வேண்டுமே!

வீட்டுக்கு வந்து கலாத்தியர் 5-ம் அதிகாரத்தை எடுத்தேன். மாம்சத்தின் காரியங்களைச் சொல்லும்போது பவுல் 'கிரியைகள்' என்கிறார். அன்பு, சந்தோஷம், சமாதானம் என்று ஒன்பதைச் சொல்லும்போது 'கனி' என்கிறார். அதுவும் ஒருமையில். கிரியையை ஒரே ராத்திரியில் உட்கார்ந்து முடித்து விடலாம், எங்கள் ஆபீஸ் ரிலீஸ் மாதிரி. கனியை அப்படி முடிக்க முடியாது. அந்த ஒன்பதில் நீடிய பொறுமையும் ஒன்று. பொறுமை எனக்கு உடனே வேண்டும் என்று நான் கேட்டுக் கொண்டிருந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

சரி, அதற்காகச் சும்மா உட்கார்ந்திருந்தால் வளர்ந்து விடுமா? கொடிக்கு வெயில் வேண்டும், வெட்டு வேண்டும். என் வெட்டு, எங்கள் தமிழ்ச் சபையில் இருந்த ஒரு வயதான அக்கா வழியாக வந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "தம்பி, ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேக்குறீங்க. சரி. அந்தப் பிள்ளைகிட்ட கேட்டீங்களா?"

எங்கள் வீட்டில் எந்த அப்பாவும் எந்த மகனிடமும் மன்னிப்புக் கேட்டதாகச் சரித்திரம் கிடையாது. முதல் தடவை அவன் கட்டில் பக்கத்தில் கால் மணி நேரம் நின்றேன். "அப்பா கத்துனது தப்பு, மன்னிச்சிக்கோ" என்று சொல்வதற்குள் வேர்த்து விட்டது. அவன் போர்வைக்குள்ளிருந்து "ம்" என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு வெட்டு. தண்ணீர் சொட்டும்.

இரண்டு மூன்று வருஷம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. கோபம் போகவில்லை. ஆனால் கோபத்துக்கும் அதை உணர்வதற்கும் நடுவில் இருந்த தூரம் குறைந்திருந்தது. முதலில் இரண்டு நாள் கழித்து உறைக்கும். பிறகு அன்றைக்கு ராத்திரியே. பிறகு கத்தி முடித்த நிமிஷமே. அப்புறம் கத்திக் கொண்டிருக்கும்போதே பாதியில். பிறகு சில சமயம் வாயைத் திறக்கும் முன். இதைத்தான் வளர்ச்சி என்கிறார்களோ என்னவோ. எந்த நாளில் நடந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. விதை விதைத்தவன் தூங்கி எழுந்திருக்க, அவனுக்குத் தெரியாமலே பயிர் முளைப்பதைப் பற்றி மாற்கு 4-ல் இயேசு சொல்கிற உவமை ஒன்று உண்டு. அந்த விவசாயி நான்தான்.

இன்னொன்றும் மெதுவாகப் புரிந்தது. என் கோபத்துக்கு அடியில் இருந்தது பயம். ஊரில் என்றால் பையன் ஒரு பாடத்தில் தவறினாலும் பெரியப்பா இருக்கிறார், மாமா இருக்கிறார், தெரிந்த வாத்தியார் இருக்கிறார். தோட்டமாவது இருக்கிறது. இங்கே யாரும் இல்லை, நான் விழுந்தால் எல்லாம் விழும் என்ற பயம். வாய்ப்பாடு தப்பானதும் எனக்கு அவனுடைய முப்பது வயசு தெரியும்! வெளியூரில் பிள்ளை வளர்க்கிற பலருக்கும் இது இருக்கும் என்று நினைக்கிறேன். கோபத்தைக் கொண்டு போய் ஆண்டவர் முன்னால் வைத்தது போதாது, பயத்தையும் வைக்க வேண்டியிருந்தது. ஆபீஸ் பார்க்கிங்கில் வண்டியை எடுக்கும் முன் பத்து நிமிஷம். இன்றைக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

யோவானை நினைத்துக் கொள்வேன். அவரையும் அண்ணன் யாக்கோபையும் 'இடிமுழக்க மக்கள்' என்று இயேசுவே பேர் வைத்தார். லூக்கா 9-ல் ஒரு சமாரியக் கிராமம் இடம் கொடுக்கவில்லை என்றதும் வானத்திலிருந்து அக்கினியை வரவழைக்கட்டுமா என்று கேட்டவர்கள் இவர்கள். அதே யோவான்தான் அப்போஸ்தலர் 8-ல் பேதுருவோடு சமாரியாவுக்குப் போய் அந்த மக்களுக்காக ஜெபம் செய்கிறார். எரிக்க நினைத்த நாட்டுக்கு ஜெபிக்கப் போகிறார். நடுவில் எத்தனை கவாத்து நடந்ததோ!

நாம் ஊருக்குப் போகிற நாகர்கோவில் ரயில் புனே தாண்டி தவுண்ட் வருவதற்கு முன் கேட்காவ் என்ற சின்ன ஸ்டேஷனைக் கடக்கும். அங்கேதான் பண்டித ரமாபாயின் முக்தி மிஷன். 1883-ல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றவர். ஆனால் தான் மதத்தைத்தான் கண்டேன், கிறிஸ்துவை இன்னும் காணவில்லை என்பது ஞானஸ்நானத்துக்கு எட்டு வருஷம் கழித்துத்தான் தனக்குத் தெரிந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அவ்வளவு படித்த, அவ்வளவு தியாகம் செய்த பெண்மணிக்கே எட்டு வருஷம். ஒவ்வொரு தடவையும் ஜன்னல் வழியாக அந்த ஸ்டேஷனைப் பார்க்கும்போது எனக்கு ஆறுதலாக இருக்கும்.

2020 லாக்டவுன். இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில் நாலு பேர், நாலு ஹெட்போன். மே மாதம் ஒருநாள், இன்டர்நெட் போனதற்கு மனைவியைப் பழைய மாதிரியே கத்தி விட்டேன். வீடு அப்படியே அமைதியாகி விட்டது. போச்சு, பத்து வருஷமும் போச்சு என்று பால்கனியில் போய் நின்றேன். பத்தொன்பது வயது மகன் டீயை எடுத்துக் கொண்டு வந்தான்.

"இந்த மாதிரி கேட்டு எவ்வளவு நாளாச்சுப்பா! மறந்தே போச்சு" என்றான்.

அவன் குத்திக் காட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். நான் விழுந்த அன்றைக்குத்தான் மாறியிருக்கிறேன் என்பதற்குச் சாட்சி கிடைத்தது. டீயைக் குடித்துவிட்டு உள்ளே போய் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி சரி, போய் ரௌட்டரைப் பாருங்க" என்றாள்.

மகன் இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறான். மகள் நெற்றியைத் தொட்டுப் பார்த்த அன்று ராத்திரி தூக்கம் வராததற்குக் காரணம் அதற்கு முந்தின வாரம் அவன் செய்த போன்.

"ப்பா, ரூம்மேட்கிட்ட ரொம்பக் கேவலமா கத்திட்டேன். எனக்கும் உங்க கோவம் இருக்குப்பா. உங்களுக்கு எத்தனை வருஷம் ஆச்சு?"

தாத்தா, அப்பா, நான், இப்போது அவன். அந்தப் பதக்கத்தை நான்தான் அவன் கழுத்தில் போட்டிருக்கிறேன். கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

"இன்னும் முடியலைய்யா" என்றேன். "முதல்ல அந்தப் பையன்கிட்ட மன்னிப்புக் கேட்டியா?"

"கேட்டுட்டேன். அன்னைக்கு ராத்திரியே."

எனக்கு அன்றைக்கு ராத்திரி என்ற இடத்துக்கு வர எத்தனை வருஷம் ஆனது! அவன் அங்கேயிருந்து தொடங்குகிறான். 'தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான்' என்பார்கள் எங்கள் ஊரில். பார்த்தாலே போதும் என்று இருக்கிறது எனக்கு.

உங்கள் வீட்டில் பைக் ஸ்டாண்ட் சத்தம் எப்படிக் கேட்கிறது? பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பதில் கசந்தால் சோர்ந்து போக வேண்டாம். அது உங்களுக்கு ஏப்ரல் மாசமாக இருக்கலாம்.