இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல்

இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில்தான் தொடங்கியது. அதே சென்னையில் வசிக்கும் எங்களுக்கு இன்று 101.4 தெளிவாகக் கேட்பது, சன்னலோரத்தில் ஒரு முழ இடத்தில் மட்டுமே.

சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பிய பிறகு வந்த வினை இது. நேராக வரும் அலையும் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலையும் கலந்து, ஓரிடத்தில் வலுப்பெறுகின்றன. மற்றோரிடத்தில் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. அலைநீளம் ஏறத்தாழ 3 மீட்டர். ஆகவே பெட்டியை இரண்டடி நகர்த்தினாலே தொலைந்த பாட்டு சில வேளைகளில் திரும்பிவிடும். மலிவான எல்.இ.டி. விளக்கை அணைத்தால் மிச்ச இரைச்சலும் குறையும். ஒருவர் ஏரியலைப் பிடித்து நிற்க, மற்றவர்கள் கேட்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

கைபேசியில் கேட்கலாமே என்கிறார்கள் நண்பர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மின்சாரம் போய், கைபேசிகளும் ஊமையாகிவிட்ட இரவுகளில், வெளியே ஓர் உலகம் இருக்கிறது என்று எங்களுக்குச் சொன்னது பேட்டரியில் ஓடிய இந்தப் பெட்டிதான். கேட்டவர்களை அழைத்துக்கொள்ள எந்தக் கைபேசிக் கோபுரமும் இணைய இணைப்பும் அதற்குத் தேவைப்படவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்கு முன், உங்கள் வீட்டில் அலை தெளிவாக விழும் அந்த ஒரு முழ இடத்தைத் தேடி வையுங்கள்.