கலைஞர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்

பழைய செப்புத் திருமேனி ஒன்று என் மேசைக்கு வந்தால், அதை வார்த்த ஸ்தபதியிடம் எதையும் கேட்க முடியாது. உலோகத்தையும் அதில் படிந்திருப்பதையும் ஆராய்ந்து நானேதான் முடிவெடுக்க வேண்டும். பொருள்களை ஓரிடத்தில் அமைத்து உருவாக்கும் நிறுவல் கலையில் (இன்ஸ்டலேஷன்) அப்படியில்லை. படைத்தவர் பெரும்பாலும் நம்மோடு இருக்கிறார். அழைத்தால் போனை எடுக்கிறார். கலைப்பொருள்களைப் பாதுகாக்கும் என்னைப் போன்ற கன்சர்வேட்டருக்கு இதைவிடப் பெரிய கொடுப்பினை கிடையாது.

ஆனால் கேட்கத் தெரிய வேண்டும். “இதை எப்படிப் பாதுகாப்பது?” என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால், “இருக்கிறபடியே வையுங்கள்” என்றுதான் பதில் வரும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

மஞ்சளில் தோய்த்த நூல்களைக் கூரையிலிருந்து தரைவரை தொங்கவிட்ட ஒரு படைப்புக்காக, அதைச் செய்த ஓவியருடன் உட்கார்ந்தேன். மஞ்சள் சாயம் வெளிச்சம் தாங்காது. விளக்கை 50 லக்ஸுக்குக் குறைத்தாலும் வெளுப்பது தள்ளிப்போகுமே தவிர நிற்காது. அதே நூலின் துண்டுகளை வெயிலில் கூடுதலும் குறைவுமாகக் காயவைத்து, பளிச்சென்றிருப்பதிலிருந்து முற்றிலும் வெளுத்ததுவரை வரிசையாக அடுக்கினேன். “மேடம், எதுவரைக்கும் இது உங்கள் படைப்பு?” என்றேன். நெடுநேரம் பார்த்தவர், வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்ட ஒரு துண்டின்மேல் விரலை வைத்தார். “இதுவரைக்கும் வெளுக்கட்டும். அப்புறம் புது நூலைத் தோய்த்து மாட்டுங்கள். ஆனால் முடிச்சு கையால் போட்டதாகத்தான் இருக்கணும்.” நூல் மாறலாம், முடிச்சின் விதம் மாறக்கூடாது என்பதை எந்த ஆய்வுக்கூடமும் எனக்குச் சொல்லியிருக்காது. அவர் விரல்கள் முடிச்சுப் போடுவதை அருகிலிருந்து வீடியோ எடுத்து வைத்தோம். அந்தப் படைப்பைப் பொறுத்தவரை நூலைவிட அந்த வீடியோதான் முக்கியமான சேமிப்பு.

சில சமயம் கலைஞரின் பதில் நம் தொழிலுக்கே எதிராக வரும். நியூயார்க் கலைஞர் ஜோயி லியோனார்ட், நண்பரை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்த துயரத்தில், தின்று முடித்த வாழை, ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல்களை ஊசி நூலால் தைத்து மூடினார். ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ என்ற அந்தப் படைப்பு இன்று ஃபிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிறிஸ்டியன் ஷைடமான் என்ற கன்சர்வேட்டர் அவருடன் சேர்ந்து உழைத்து, தோல்கள் சிதையாமல் நிறுத்தும் வழியைக் கண்டுபிடித்தார். அதைப் பார்த்த பிறகுதான், தோல்கள் சிதைவதே தன் படைப்பு என்று லியோனார்ட் உறுதியாக முடிவெடுத்தார். ஷைடமானின் உழைப்பு வீண்போனதாக நான் நினைக்கவில்லை. அவர் அந்த வழியைக் காட்டியிராவிட்டால் அந்த முடிவு இவ்வளவு தெளிவாகப் பிறந்திருக்காது.

கேட்க ஆளில்லாதபோது என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியாவில் உதாரணம் இருக்கிறது. வீடியோ கலைஞர் நாம் ஜூன் பைக் (Nam June Paik) 1988இல் 1,003 டிவிகளை அடுக்கிக் கட்டிய கோபுரம் குவாச்சான் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. டிவிகள் பழுதாகி, பாதுகாப்பு கருதி 2018இல் அதை அணைத்தார்கள். பைக் 2006லேயே இறந்துவிட்டார். பழைய படக்குழாய் டிவிகளின் உற்பத்தியும் நின்றுவிட்டது. பழைய டிவிகளைத் தேடிப் பழுதுபார்த்தும், சிறிய திரைகளுக்கு எல்சிடி பொருத்தியும் 2022இல் மறுபடி ஒளிரவிட்டார்கள். கோபுரம் பிழைத்தது. ஆனால் எந்தத் திரையை மாற்றலாம் என்று அவரையே பக்கத்தில் வைத்துக் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை.

நம் ஊரிலும் கயிறு, சாணம், மண், வீடியோ என்று எல்லாவற்றிலும் நிறுவல்கள் உருவாகின்றன. அவற்றை வாங்கும் காலரிகளுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காசோலை கொடுக்கும் அன்றே கலைஞரை உட்காரவைத்துக் கேளுங்கள்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது, அறை சிறிதானால் என்ன செய்வது, எந்த நிலையில் இதை இனிக் காட்டவே கூடாது? பதிலை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சில ஆண்டுகள் கழித்து மறுபடி கேளுங்கள். கலைஞர்களின் மனமும் மாறும். இதற்கு ஆகும் செலவு ஒரு மதியப் பொழுதுதான்.