விருந்தினர் கணக்கு

சாரல் இறங்கிவிட்டால் தென்காசிக்காரர்களின் வீடு சத்திரமாகிவிடும். ஆனி பிறந்ததுமே மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் நண்பர்கள் தொலைபேசியில் அழைத்து, "அருவியில் தண்ணீர் விழுகிறதா?" என்று கேட்பார்கள். வரலாமா என்பதே அக்கேள்வியின் பொருள். சென்ற சாரலுக்கு அப்படி வந்த நம் பழைய மாணவர் ஒருவர், மென்பொருள் நிறுவன வேலையை நாற்பத்தைந்து வயதில் விட்டுவிடப் போவதாகச் சொன்னார். உடனிருந்த இலக்கிய நண்பர்கள் காசுப் பேச்சு என்று முகம் சுளித்தார்கள். நமக்கோ ஆவல் அடங்கவில்லை.

அவர் சொன்ன கணக்கு எளியது. ஓர் ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு சேர்த்துவிட்டால், முதலாண்டு அதில் 4 விழுக்காடு எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்ப அத்தொகையைக் கூட்டிக்கொண்டே போகலாம். அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் அந்நாட்டுப் பங்குச் சந்தை, கடன்பத்திர வரலாற்றை ஆராய்ந்து கண்டது இது. ஆனால் அவர் கருதியது 30 ஆண்டு ஓய்வுக் காலம். நாற்பத்தைந்தில் நிற்பவருக்கு அது போதாது. நம் ஊர் விலைவாசி ஏறும் வேகமும் வேறு. எனவே 30 மடங்காவது வேண்டும் என்பது மாணவர் கட்சி.

அன்று மாலை குற்றாலத்தில் நடந்தபோது ரசிகமணி டி.கே.சி.யின் நினைவு வந்தது. இவ்வூர் அறிந்த மிகச் சிறந்த ஓய்வு அவருடையது. சட்டம் படித்தும் வழக்குரைஞர் தொழிலில் ஒட்டாதவர். 1930 முதல் 1935 வரை இந்து சமய அறநிலைய வாரியத்தில் ஆணையராக இருந்துவிட்டு, ஐம்பதைக் கடந்த வயதில் குற்றாலத்தில் வந்தமர்ந்தார். 1954-இல் மறையும் வரை கம்பனும் நண்பர்களும்தான் அவருக்கு வேலை. ராஜாஜியும் கல்கியும் தேடி வந்தார்கள். அந்த ஓய்வை வியந்து எழுதியவர் பலர். அதற்கான பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர் அரிது. வசதியான குடும்பத்தில் பிறந்தவர் அவர். இதைச் சொல்வதால் அவர் ரசனைக்கு ஒரு குறையும் வந்துவிடாது. சொல்லாமல் விடுவதால்தான், கையில் ஒன்றுமில்லாத இளைஞன் அதைத் துறவு என்று எண்ணி ஏமாறுகிறான்.

நமக்குப் பரம்பரை நிலம் இல்லை. 2003 ஏப்ரல் 1 முதல் அரசுப் பணியேற்றவர்களுக்குப் பழைய ஓய்வூதியத்தை நிறுத்தி, ஊதியத்தில் 10 விழுக்காடு பிடிக்கும் பங்களிப்புத் திட்டத்தைத் தமிழக அரசு கொண்டுவந்தது. நாம் அதற்குப் பின் வந்தவர்கள். அதையொட்டிய போராட்டங்கள் தனிக் கதை. சீட்டும் நகையும் மட்டுமே அறிந்திருந்த வீட்டில் 15 ஆண்டு வைப்புநிதிக் கணக்கு ஒன்றும், பரஸ்பர நிதி மாதத் தவணை ஒன்றும் பிறகுதான் நுழைந்தன.

மாணவர் ஊர் திரும்பியபின் ஒரு தாளை எடுத்து எழுதினோம். மாதச் செலவு 40,000 ரூபாய். ஆண்டுக்கு 4,80,000. முப்பது மடங்கென்றால் ஒரு கோடியே 44 லட்சம். மலைப்பாக இருந்தாலும் எட்டாத எண்ணன்று. அப்போது துணைவியார் எட்டிப் பார்த்து, "சாரலுக்கு வருகிறவர்களை எங்கே எழுதியிருக்கிறீர்கள்?" என்றார்.

எழுதவில்லை. ஆண்டு முழுதும் வந்துபோகிறவர்களின் இட்லி மாவும் காபிப் பொடியும், பழைய குற்றாலத்துக்கும் ஐந்தருவிக்கும் ஆட்டோவும் சேர்த்தால் மாதத்துக்குச் சராசரி 3,000 ஆகிறது. ஆண்டுக்கு 36,000. முப்பது மடங்கு 10 லட்சத்து 80 ஆயிரம். மாதம் 45,000 சேமிக்கும் நமக்கு அது சரியாக இரண்டாண்டு உழைப்பு. அந்த ஒரு வரியை அடித்துவிட்டால் இரண்டாண்டு முன்னதாகவே விடுதலை. ஆனால் எதற்கு? டி.கே.சி. அருவிக்கரையில் தனியே அமர்ந்து கம்பனைப் படித்திருந்தால் அவர் பேச்சை யார் கேட்டிருப்பார்கள்? மாணவரின் கணக்கில் ஒருவன் தன் வாழ்நாளுக்குப் போதுமான சோற்றைச் சேர்த்துக்கொள்கிறான். எதிரே அமர்ந்து உண்பவனுக்கு அதில் இலை போடவில்லை.

வரியை அடிக்கவில்லை. பரிமேலழகரை இன்னும் இரண்டு அணி மாணவர்களுக்கு நடத்துவதில் நமக்கு வருத்தமேதுமில்லை. விடைத்தாள் திருத்துவதுதான்.